முயலுக்கென்று ஒரு பாத்தி

மாடியில் கீரை வளர்க்கிற வீட்டுக்கு ஒரு முயல் வந்து சேர்ந்தால் அன்றைக்கே அதற்கு விருந்து தொடங்கிவிடும். சமையலுக்குக் கிள்ளியது போக மிஞ்சிய தண்டுக்கீரை, முருங்கைக்கீரை, முற்றிய பாலக் எல்லாம் கூண்டுக்குள் போகும். முயலும் மூக்கை ஆட்டிக்கொண்டு ஒரு காம்பு விடாமல் தின்று தீர்க்கும். இவ்வளவு விரும்பித் தின்கிறதே, அப்படியானால் நல்லதுதானே என்று வீட்டார் நினைப்பது இயல்பு. சில மாதம் போனபின் கூண்டின் தட்டில் சிறுநீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவம் தெரியும். அல்லது ஒருநாள் முயல் மூலையில் முடங்கி உட்கார்ந்து எதையும் தொடாது. கீரையில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்று வீடே குழம்பும்.

கீரையின் மேல் குற்றமில்லை, அதைத் தேர்ந்தெடுத்த கணக்குத்தான் பிசகு. நாம் கீரையை இரும்புக்கும் சுண்ணாம்புக்கும் புரதத்துக்கும் தேடுகிறோம். வேகவைத்து, சோற்றோடு ஒரு கரண்டி உண்கிறோம். முயல் பச்சையாகத் தின்கிறது. நாள் முழுதும் தின்கிறது. அதற்கு முதலில் வேண்டியது சத்துக் குறைந்த, நார் மிகுந்த புல். சத்தான இலைக்கு இரண்டாவது இடம். மணமுள்ள கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் மூன்றாவது இடம். வீட்டு முயலுக்காகத் தோட்டம் போட நினைப்பவர் விதைக்கடைக்குப் போகுமுன் இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதன் காரணம் முயலின் குடலில் இருக்கிறது.

குடல் கேட்பது

நாம் வளர்க்கும் முயல்கள் வெள்ளையோ கறுப்போ, நியூசிலாந்து ஒயிட்டோ சோவியத் சின்சில்லாவோ, எல்லாமே ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பம் அதன் பூர்வீகம். கோடையில் காய்ந்து கிடக்கும் அந்த நிலத்தில் முரட்டுப் புல்லையும் பூண்டையும் தின்று பிழைத்த பிராணி அது. நம் ஊர்க் கரம்புகளிலும் காடுகளிலும் ஓடுவது வேறு இனம். அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால் பிடித்து வளர்க்கக் கூடாது.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல்லை நொதிக்கவைக்கும் அறை வயிற்றிலேயே இருக்கிறது. முயலுக்கு அது குடலின் பின்பகுதியில், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், சீக்கம் என்ற பெரிய பையாக இருக்கிறது. தின்ற புல் அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரியும். செரிக்காத நீள நார் நேரே பெருங்குடல் வழியே போய் உலர்ந்த புழுக்கையாக விழுந்துவிடும். நுண்ணிய துகளும் சாறும் சீக்கத்துக்குத் திரும்பி, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கும். நொதித்தது வேறு வகைப் புழுக்கையாக, மென்மையாக, மேலே மெல்லிய சளிப்பூச்சோடு வெளியே வரும். முயல் குனிந்து அதை வாயாலேயே எடுத்து மெல்லாமல் விழுங்கிவிடும். பி வைட்டமின்களும் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய புரதமும் இந்த இரண்டாம் சுற்றில்தான் உடம்பில் சேர்கின்றன. இது பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ நடப்பதால் வளர்ப்பவர் கண்ணில் படுவதில்லை.

கண்ணில் பட்டால் அது ஒரு சேதி. காலையில் தட்டைத் துடைக்கும்போது பாருங்கள். நல்ல புழுக்கை பட்டாணி அளவில், உருண்டையாக, உலர்ந்து, பழுப்பு நிறத்தில் இருக்கும். விரலில் வைத்து நசுக்கினால் பொடிப்பொடியாக நார் உதிரும். நாற்றம் இராது. அதற்குப் பதிலாகப் பளபளவென்று கரும்பச்சையில், திராட்சைக் கொத்துபோல் ஒன்றோடொன்று ஒட்டிய மென் உருண்டைகள் புளித்த வாடையோடு கிடந்தால், முயல் அதை எடுத்துத் தின்னாமல் விட்டிருக்கிறது என்று பொருள். அடிக்கடி இப்படிக் கிடந்தால் உணவில் புரதமும் மாவும் மிகுந்து நார் குறைந்துவிட்டது என்பது முதல் சந்தேகம். உடனே மருந்தைத் தேட வேண்டாம். இலையைக் குறைத்துப் புல்லைக் கூட்டினால் பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். புழுக்கை அளவில் சிறுத்து, எண்ணிக்கையிலும் குறைந்தால் குடல் மந்தப்படத் தொடங்கியிருக்கிறது.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் நகர வேண்டும். நகர்த்துவது நீள நார். இன்னொரு வேலையும் அந்த நாருக்கு உண்டு. முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்னும்போதுதான் கடைவாய்ப் பற்கள் சமமாகத் தேயும். இளங்கீரை நாலு மெல்லலில் உள்ளே போய்விடும், பல்லுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால்தான் வளர்ந்த முயலின் தீனியில் ஐந்தில் நான்கு பங்காவது புல்லோ உலர்புல்லோ இருக்க வேண்டும் என்று முயல் மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். மீதியில்தான் கீரையும் தழையும், கடையில் விற்கும் பெல்லட் தீனி கொஞ்சமும்.

முதல் அடுக்கு: புல்

மாடியில் புல் வளர்ப்பதா என்று தயங்குபவர் உண்டு. தோட்டத்தில் பாதி இடத்தை அதற்கு ஒதுக்கலாம் என்பது என் கணிப்பு. எவ்வளவு இடம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 கிலோ எடையுள்ள ஒரு முயல் பச்சைப்புல்லை மட்டுமே தின்று வாழ்வதாக வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிராம் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ-4, கோ-5 ஆகியவை, நல்ல பாசன நிலத்தில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 350 டன்னுக்கு மேல் தருபவை. ஒரு சதுர மீட்டருக்கு 35 கிலோ, நாளைக்கு 100 கிராம் என்று ஆகிறது. ஆக, வயலில் விளையும் அதே வீதத்தில் விளைந்தாலும் ஒரு முயலுக்கு 4 சதுர மீட்டர். பையில் அந்த விளைச்சல் கிடைக்காது. ஆகவே மாடிப்புல் முழுத் தீனியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். உலர்புல் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். அந்தச் செலவை மாடிப்புல் குறைக்கும். வெளிநாட்டு உலர்புல்லான திமோத்தி ஹே விற்கும் விலைக்கு அதுவே பெரிய உதவி. நம் ஊர் வைக்கோல் உலர்புல்லுக்கு ஈடாகாது. படுக்கைக்குப் போடலாம், தீனிக்குச் சத்துப் போதாது.

கம்பு நேப்பியரை விதையிட்டு வளர்ப்பதில்லை. இரண்டு கணு உள்ள கரணையை வாங்கி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட வேண்டும். மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர்கள் கேட்டால் நாலு கரணை சும்மாவே கொடுப்பார்கள். வேர் ஆழமாகப் போகும் என்பதால் பெரிய பையாகவோ பழைய டிரம்மை அறுத்தோ வைப்பது நல்லது. வயலில் முதல் அறுவடைக்கு 75 முதல் 80 நாள் விடுவார்கள், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. மாட்டுக்குத் தண்டு பருத்தாலும் கவலையில்லை. முயலுக்கு அதற்கு முன்பே, இடுப்பளவு வரும்போதே, அறுத்தால் இலை மென்மையாக இருக்கும். அடியில் ஒரு சாண் விட்டு அறுத்தால் மீண்டும் தூர் கட்டும்.

இடம் மிகக் குறைவு என்றால் அருகம்புல் போதும். ஆழமில்லாத தட்டில், மூன்று நான்கு அங்குல மண்ணில், கணுவோடு பறித்த கொடித்தண்டைப் பதித்துத் தண்ணீர் தெளித்தால் பிடித்துக்கொள்ளும். வெயிலையும் தாங்கும், முயல் மேய மேயத் துளிர்க்கும். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டுக்கட்டாக விற்பதை வாங்கிப் போடலாமே என்று தோன்றும். அது எந்தச் சாலையோரத்தில் பறித்தது, களைக்கொல்லி அடித்த இடமா, நாய் நடமாடும் இடமா என்பது தெரியாது. நடுவதற்கு வேண்டுமானால் அதிலிருந்து வேர்க்கணு எடுத்துக்கொள்ளலாம்.

அவசரத்துக்குக் கோதுமைப்புல். முழுக் கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, தட்டில் நெருக்கமாகப் பரப்பி, மேலே மெல்லியதாகக் கோகோபீட் தூவினால் எட்டு முதல் பத்து நாளில் ஒரு சாண் உயரம் வந்துவிடும். மளிகைக் கடைக் கோதுமையே போதும். விதைக்கடைக் கோதுமையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கக்கூடும், அது வேண்டாம். வாரம் ஒரு தட்டு என்று விதைத்து வந்தால் இடைவிடாமல் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை படரும். அப்படிப் படர்ந்தால் மேலே பச்சையாகத் தெரிந்தாலும் தட்டை அப்படியே உரக்குழியில் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

கம்பு, மக்காச்சோளம் இரண்டையும் நெருக்கி விதைத்து இலைக்காக அறுக்கலாம். சோளத்தை மட்டும் தவிர்த்துவிடலாம். இளம் சோளப்பயிரிலும் வறட்சியில் வாடிய சோளத்திலும் ஹைட்ரோசயனிக் அமிலம் இருக்கும். சோளத்தட்டையில் மாடு மாய்ந்த கதை கேட்ட கிராமத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அறுத்த புல்லைக் குவித்து வைக்கக் கூடாது. குவியலின் நடுவில் கைவைத்துப் பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே சூடு தெரியும். அங்கே புளிப்பு தொடங்கிவிட்டது. அந்தப் புல் வயிற்றில் வாயுவை உண்டாக்கும். பரப்பி வைக்க வேண்டும், அல்லது அப்போதைக்கப்போது அறுக்க வேண்டும். மிஞ்சியதை, பூக்குமுன் அறுத்த இளம்புல்லாக இருந்தால், நிழலில் பரப்பித் தினமும் புரட்டிவிட்டு உலர்த்தி வைக்கலாம். தண்டை மடித்தால் ஒடிய வேண்டும், நிறம் பச்சை கலந்தே இருக்க வேண்டும்.

இரண்டாம் அடுக்கு: இலை

இலையில் எளிதில் வளர்வதும் பயமின்றிக் கொடுக்கக்கூடியதும் முள்ளங்கிக்கீரை. விதைத்த மூன்றாம் நாளே முளைக்கும், நாலு வாரத்தில் வெளி இலைகளைப் பறிக்கலாம். கிழங்குக்காகக் காத்திருக்க வேண்டாம். கேரட்டும் அப்படித்தான். சமவெளி வெயிலில் அதன் கிழங்கு ஊட்டிக் கேரட்போல் வராது, ஆனால் தழை செழித்து வளரும். சந்தைக்கு வரும் கேரட்டில் தழையை வெட்டிவிடுவதால் இது வீட்டில் வளர்த்தால்தான் கிடைக்கும். கேரட் கடிக்கும் கார்ட்டூன் முயலைப் பார்த்து வளர்ந்தவர்கள் கிழங்கைத்தான் முயலுணவு என்று நினைக்கிறார்கள். கிழங்கில் சர்க்கரை அதிகம், விரல்நுனி அளவு ஒரு துண்டு போதும். தினமும் கொடுக்கத் தகுந்தது தழைதான்.

சர்க்கரைவள்ளிக் கொடி இன்னொரு நல்ல தேர்வு. ஒரு முழம் நீளக் கொடியை வெட்டிப் புதைத்தால் போதும், கைப்பிடிச்சுவரில் ஏறி வழியும். வெப்ப நாடுகளில் முயல் வளர்ப்பவர்கள் இதை நெடுங்காலமாகத் தீனியாகப் பயன்படுத்துகிறார்கள். செம்பருத்தி இலையும் பூவும் கொடுக்கலாம். வாழையிலையும் முயலுக்கு நல்ல தீனி. பனிக்காலத்தில் லெட்யூஸ் சமவெளியிலும் வரும். கசக்கும் முன், இளசாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். காலிஃபிளவரை மூடியிருக்கும் பச்சை இலையைக் காய்க்கடையில் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். கொஞ்சமாகக் கொடுக்கலாம், அதிகமானால் வாயு.

வெட்டுக்காயப் பூண்டு என்றும் கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்லும் செடி மாடித்தொட்டியில் கூப்பிடாமலே வந்து முளைக்கும். மஞ்சள் நடுவும் வெள்ளை ஓரமும் உள்ள சின்னப் பூ, சுணை உள்ள இலை. களை என்று பிடுங்கி எறிவோம். முயல் அதை ஆசையாகத் தின்னும். ஒரு பையை அதற்கே விட்டுவைத்தாலும் நட்டமில்லை.

பயறுவகைத் தீவனங்கள் தனிக்கட்சி. குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் ஆகிய மூன்றும் புரதம் மிகுந்தவை. முயல்மசால் என்ற பெயரைப் பார்த்துவிட்டுத் தினமும் கட்டுக்கட்டாகப் போட்டுவிடக் கூடாது. வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இவை நல்லது. கூண்டில் உட்கார்ந்திருக்கும் வளர்ந்த முயலுக்கு வாரம் ஒன்றிரண்டு கொத்துக்கு மேல் வேண்டாம். வெந்தயக்கீரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

மூன்றாம் அடுக்கு: மணத்தழை

கொத்தமல்லி, புதினா, திருநீற்றுப்பச்சிலை, துளசி, சோம்புத் தழை, சதகுப்பை ஆகியவை முயலின் தட்டில் சுவைகூட்ட வருபவை. சாப்பாட்டில் மந்தமாக இருக்கும் முயலைத் திரும்பத் தின்னத் தூண்டுவதற்கும் இந்த மணம் உதவும்.

கொத்தமல்லியை அப்படியே தூவினால் முளைப்புக் குறையும். ஒவ்வொரு தனியாவுக்குள்ளும் இரண்டு விதை இருப்பதால், செருப்பின் அடியாலோ பூரிக்கட்டையாலோ மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளக்க வேண்டும். நொறுங்கக் கூடாது. இரவு முழுக்க ஊறவைத்து, அரையங்குல ஆழத்தில் வரிசையாக விதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் எட்டிலிருந்து பதினைந்து நாளுக்குள் முளைவிடும். நாற்பது நாளில் கிள்ளலாம். வெயில் ஏறினால் சட்டென்று பூவெடுத்துவிடும், அதனால் பங்குனிக்கு மேல் நிழல்வலை வேண்டும். புதினாவுக்கு விதை தேடவேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளை எடுத்து, இலையைச் சமையலுக்குக் கிள்ளிக்கொண்டு, தண்டைத் தண்ணீரில் போட்டுவைத்தால் ஒரு வாரத்தில் வேர்விடும். தனிப் பையில் வைப்பது நல்லது. பக்கத்துப் பயிரை நெருக்கிவிடும்.

சுண்ணாம்பும் ஆக்சலேட்டும்

நம் வீட்டுக் கீரைப்பட்டியல் முயலோடு மோதுவது இங்கேதான். மற்ற பெரும்பாலான பாலூட்டிகள் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் தேவையானதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மீதியை மலத்தோடு விட்டுவிடும். முயலின் குடல் அப்படி அளந்து எடுப்பதில்லை. உணவில் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு உறிஞ்சி, மிகுதியைச் சிறுநீர் வழியே கழிக்கிறது. தட்டில் காயும் வெள்ளைப் படிவம் அதுதான். கொஞ்சம் வெளுப்பாக, சில நேரம் சிவப்பாகக்கூட இருப்பது இயல்பே. கெட்டியாகக் குழம்பாகப் போனாலோ, முக்கிக்கொண்டு சொட்டுச்சொட்டாகப் போனாலோ சிறுநீர்ப்பையில் படிவம் சேர்கிறது. அதுவே நாளடைவில் கல்லாகவும் மாறலாம்.

கீரைகளைச் சுண்ணாம்புச் சத்தின்படி வரிசைப்படுத்தினால் உச்சியில் நிற்பது அகத்தி, 100 கிராம் பச்சை இலையில் 1,000 மில்லிகிராமை ஒட்டி. கறிவேப்பிலை அதற்கு அடுத்தபடி. முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். கொத்தமல்லியிலும் புதினாவிலும் 200-ஐ ஒட்டி. லெட்யூஸில் மிகக் குறைவு. நமக்கு அமிர்தமாகச் சொல்லப்படும் அகத்தியும் முருங்கையும் முயலுக்கு எப்போதாவது ஓர் இணுக்கு என்ற கணக்கில்தான் வர வேண்டும்.

ஆக்சலேட் வேறொரு பக்கம். தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பாலக், பருப்புக்கீரை எல்லாவற்றிலும் அது அதிகம். நாம் வேகவைக்கும்போது ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. முயலுக்கு அந்த வசதி இல்லை. முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. ஒருநாள் தட்டில் இந்தக் கூட்டத்தில் ஒன்றுக்குமேல் இடம்பெறாமல், அதுவும் அன்றைய இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், வாரத்தில் ஓரிரு நாள் என்று சுழற்றிவிட்டால் போதும்.

இவற்றுக்கெல்லாம் பொது மருந்து தண்ணீர். முயலுக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது, வைத்தால் செத்துவிடும் என்று சொல்லியே சில கடைகளில் குட்டியை விற்கிறார்கள். முயல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை தினமும் குடிக்கும் பிராணி. கழுவிய கீரையை ஈரத்தோடே கொடுக்கலாம். கோடையில் அப்படிக் கொடுப்பதுதான் நல்லது. வியர்க்காத, காதுவழியே வெப்பத்தைத் தணிக்கிற பிராணிக்கு அந்த ஈரமும் ஒரு துணை.

பக்கத்தில் வைக்கக் கூடாதவை

வெங்காயத்தாள், பூண்டுத்தழை இரண்டும் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. தக்காளி, உருளை, கத்தரி இவற்றின் இலையும் தண்டும் வேண்டாம். மணத்தக்காளியும் அதே குடும்பம்தான், நமக்கு வாய்ப்புண்ணுக்கு மருந்தானாலும் முயலுக்கு விலக்கு. மரவள்ளி இலையில் சயனைடு. சவுண்டல் என்கிற சூபாபுல்லில் மைமோசின், தொடர்ந்து தின்றால் முடி கொட்டும். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, குன்றிமணி ஆகியவை முயல் உலவும் இடத்திலேயே இருக்கக் கூடாது. அழகுக்கு வைக்கும் மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா, குரோட்டன்ஸ் ஆகியவற்றையும் எட்டாத உயரத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாடியில் காற்றாட விட்ட முயல் தனக்கு ஆகாததைத் தானே ஒதுக்கிவிடும் என்று நம்ப முடியாது.

மண்ணும் உரமும்

செம்மண், கோகோபீட், மக்கிய உரம் மூன்றும் சம அளவு என்ற வழக்கமான கலவையே போதும். யூரியா வேண்டாம், இலையில் நைட்ரேட் சேரும். பஞ்சகவ்யம், சாணிக்கரைசல் ஆகியவற்றை வேரில் ஊற்றலாம், இலைமேல் தெளிக்கக் கூடாது. அந்த இலை வேகாமல் வாய்க்குப் போகப்போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம், அல்லது செடியை ஒட்ட அறுத்துப் புதுத்துளிர் வரவிடலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தே ஆகவேண்டிய நிலையென்றால் அந்தப் பையிலிருந்து ஒரு வாரமாவது பறிக்காமல் விட்டு, பிறகு நன்றாகக் கழுவிக் கொடுக்க வேண்டும்.

முயல் வைத்திருப்பவருக்கு உரம் வீட்டிலேயே விழுகிறது. முயல் புழுக்கை கோழி எச்சம்போல் செடியைக் கருக்காது, மக்கவைக்காமலே போடலாம் என்று மாடித்தோட்டக்காரர்கள் சொல்வார்கள். சொல்வது சரிதான். ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் அப்படியே போடலாம். முயல் தின்னப்போகும் பாத்திக்கு மட்டும் அது பொருந்தாது. காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, ஈரமும் சூடும் கிடைத்தால் சில நாளில் தொற்றும் நிலைக்கு முதிர்ந்துவிடும். அதை நாமே இலையடியில் போட்டு, அந்த இலையைப் பறித்து முயலுக்கே கொடுத்தால் நோய் சுற்றிச் சுற்றி வரும். பெரிய முயல் தாங்கிக்கொள்ளும், குட்டி தாங்காது. ஆகவே புழுக்கையைக் காய்ந்த இலையோடு கலந்து குவித்து, நடுவில் நல்ல சூடேறி, கிளறிக் கிளறி முழுதாக மக்கி மண்வாசம் வந்தபின்தான் கீரைப்பாத்திக்குக் கொண்டுவர வேண்டும்.

பட்டமும் பங்கீடும்

இருபது பை வைக்க இடமிருந்தால் பத்தில் புல், ஆறில் இலை, நான்கில் மணத்தழை என்று பிரிக்கலாம். ஆடிப்பட்டத்தில் புல் கரணையையும் சர்க்கரைவள்ளிக் கொடியையும் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் ஊன்றிக்கொள்ளும். மழை ஓய்ந்து பனி தொடங்கும் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி, வெந்தயம், லெட்யூஸ் எல்லாவற்றுக்கும் நல்ல காலம். ஒரே நாளில் எல்லாப் பையிலும் விதைத்துவிட்டால் ஒரு வாரம் திகட்டத் திகட்டக் கிடைத்து, அடுத்த மாதம் வெறும் பைதான் நிற்கும். பத்து நாளுக்கு ஒரு பை வீதம் விதைப்பதுதான் முறை. சித்திரை, வைகாசியில் கொத்தமல்லி கைவிடும். அருகம்புல்லும் சர்க்கரைவள்ளியும் செம்பருத்தியும் அந்த இரண்டு மாதத்தை ஓட்டிக்கொடுக்கும்.

கொடுக்கும் முறை

இலையும் மணத்தழையும் சேர்த்து முயலின் எடையில் கிலோவுக்கு ஒரு கோப்பை, அழுத்தாமல் நிரப்பியது, ஒருநாளுக்குப் போதும். அதில் மூன்று வகையாவது இருக்கட்டும். காலையில் பாதி, மாலையில் பாதி. புல் எப்போதும் இருக்க வேண்டும். புதிதாக ஓர் இலையைக் காட்டும்போது அன்றைக்கு அது ஒன்றுதான் புதிது; இரண்டு இலை கொடுத்து, மறுநாள் தட்டைப் பார்த்து, இளக்கம் இல்லையென்றால் மெல்லக் கூட்டலாம். குட்டிக்கு மூன்று மாதம் முடியும் வரை கீரைக்கு அவசரப்பட வேண்டாம். எந்த வயதானாலும், முயல் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் கொத்தமல்லி காட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. குடல் நின்றுபோகும் நிலை அது. முயலைப் பார்த்துப் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அப்படி ஒருவர் ஊரில் எங்கே இருக்கிறார் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

தோட்டத்தையும் முயலையும் ஒன்றாகத் தொடங்க நினைப்பவருக்கு ஒரு கால வித்தியாசம் உண்டு. கோதுமைப்புல் பத்து நாளில் வரும், முள்ளங்கி ஒரு மாதம், கொத்தமல்லி நாற்பது நாள், கம்பு நேப்பியர் தூர் கட்ட இரண்டு மாதத்துக்கு மேல். கடையில் குட்டியைப் பார்த்த அன்றே வாங்கிவந்து மறுநாள் விதை தேடினால் இடைப்பட்ட காலம் முழுக்கச் சந்தைக் கீரையும் பெல்லட்டும்தான் அதன் தீனியாகும். குட்டியின் குடல் பழக்கப்படும் பருவமும் அதுவே. கரணையை முதலில் நட்டு, முதல் அறுப்புக்குப் புல் வந்தபின் முயலைக் கொண்டுவாருங்கள்.